பதினோரு நிமிடம்

பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் நான்,
முக்காலிக்கு நான்காவது காலாக.
அந்தப் பக்கம், லிங்கன் மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே
சிவப்பு ஜாக்கெட்டில் ஒரு புள்ளி: யூஸ்டைன்.
எங்கள் இருவருக்கும் நடுவில்
யாரும் கால்வைக்காத வெள்ளை.

மதியம் வேனடியில்
மார்போடு கட்டிய கருவிகளைச் சோதித்துக்கொண்டோம்.
ஒவ்வொன்றும் பீப் என்றது.
புதைந்துபோனால் அதுதான் எங்கள் குரல்.
மண்வெட்டி, மடக்குக் கம்பி, காற்றுப்பை.
அப்புறம் அந்தத் தாள்:
யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?
இயக்குநர் ஹால்வார்
இலையுதிர் காலத்தில் பிரிந்துபோன மனைவியின் எண்ணை எழுதினான்,
அடித்தான்,
மறுபடி அதையே எழுதினான்.
ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

மேற்கே இரு சிகரங்களின் இடுக்கில்
ஆறு ஐம்பதுக்குச் சூரியன் வரும்,
பதினோரு நிமிடம் தங்கும்.
அதற்காகத்தான் ஒன்பது நாள்
மீன் வாடை அடிக்கும் வாடகை வீட்டில்
மழையைப் பார்த்துக்கொண்டு சீட்டாடினோம்.

மேலே தோருன் குழி தோண்டினாள்.
பனியில் ஒரு தூணை அறுத்து நிறுத்தி
அதன் தலையில் மண்வெட்டியை வைத்துத் தட்டினாள்.
மணிக்கட்டு அசைவில் பத்துத் தட்டு. நின்றது.
முழங்கை அசைவில் ஒன்று,
இரண்டு,
மூன்றாவதில் தூணின் மேல்பாதி
மேசை இழுப்பறை மாதிரி
வழுவழுவென்று முன்னால் வந்தது.
ஒரு முழம் ஆழத்தில்
சர்க்கரையாய் உதிரும் பழைய பனி.
அதன்மேல் ஒன்பது நாள் காற்று
அடுக்கிவைத்த கெட்டிப் பலகை.

ரேடியோவில் ஒரே சொல்:
"வேண்டாம்."

ஹால்வார் பேரம் பேசினான்.
இடது விளிம்பில் மட்டும்?
ஆறே திருப்பம்?
பக்கத்துச் சரிவு நேற்றுத் தாங்கியதே?
ஹெல்மெட் கம்பெனிக்காரன் வெள்ளிக்கிழமை கேட்பானே?
கெட்டவன் இல்லை ஹால்வார்.
அவன் குரலில் கடன் இருந்தது, அவ்வளவுதான்.

நான் பேசவில்லை.
ரேடியோ பொத்தானின் மேல் கட்டைவிரல் இருந்தது,
அழுத்தவில்லை.
ஃபோகஸ் அத்தனை கச்சிதம்.
உண்மையைச் சொன்னால்
அவன் இறங்க வேண்டும் என்றிருந்தது எனக்கு.
அவனை நோக்கி நான் திருப்பிவைத்த லென்ஸ்
வாய் திறக்காமல்
இறங்கு இறங்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

யூஸ்டைன் ஒரு ஸ்கீயின் நுனியை
விளிம்புக்கு வெளியே நீட்டினான்,
குளிர்ந்த தண்ணீரில் கால்விரலை வைத்துப் பார்ப்பவன் போல.
நான் ரெக்கார்டை அழுத்தினேன்.
அவன் நுனியை எடுத்துக்கொண்டான்.
திரும்பி, ஒரு காலும் வழுக்காமல்,
மலைமுதுகோடு நடந்தான்
கட்டத்தை விட்டு வெளியே.

வெளிச்சம் வந்தது.
யாரும் வராத மேடையில்
வந்து நின்றுவிட்டுப் போனது.

சரிவு சரியவில்லை.
அன்று இரவும் இல்லை.
மறுநாள் ஸ்விஸ் நாட்டுக்காரர்கள் நான்கு பேர்
அதே இடத்தில்
கூவிக்கொண்டு இறங்கிப்போனார்கள்.
காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஹால்வார் தோருனைப் பார்த்தான்.
அவள் பழுப்புச் சீஸைச் சீவியபடியே
"நன்றாகத் திரும்புகிறார்கள்" என்றாள்.
அதற்குமேல் அவளிடம் சாட்சி எதுவும் இல்லை.
கைக்குழியில் உதிர்ந்த கொஞ்சம் சர்க்கரை,
அதுவும் கரைந்துவிட்டது.

சும்மா நின்றாலும்
அதற்குச் சரிவு என்றுதான் பெயர்.

படத்தில் அந்தக் காட்சி கிடையாது.
கோப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது.
பதினோரு நிமிடம், வெறும் பனி,
ரோஜா நிறமாகி, சாம்பலாகி.
எட்டாவது நிமிடத்தில் ரேடியோ இரைகிறது.
எங்கே இருக்கிறாய் என்கிறாள் தோருன்.
மூச்சு வாங்கும் சத்தம்.
பிறகு யூஸ்டைன்:
"பாறைக்குப் பின்னால்.
பசிக்கிறது."